அவித்து வடித்த தண்ணீர்

எங்கள் வளவில் நிற்கிற முருங்கை மரத்துக்கு நான் பயப்படத் தொடங்கினேன். நான் பயந்து வளர்ந்தவள் அல்ல. யானை வருகிற ஊரில் பிறந்தவள். வேலி முறிகிற சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று நடக்கப் பழகிய நாளிலிருந்தே தெரியும். ஆனால் அந்த முருங்கை கிணற்றடியில் கிளை கிளையாகத் தழைத்து நிற்பதைப் பார்த்தால், வாளியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் திரும்பிவிடுவேன். அதற்கு முன் அது எனக்கு மரம். இப்போது பொட்டாசியம்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் மெல்ல மெல்ல வேலையை விட்டுக்கொண்டு வருவதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அறுவடை நேரத்தில் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. களைப்பு என்றுதான் நினைத்தோம். இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் அது களைப்பில்லை என்று தெரிந்தது. டொக்டர் மருந்துகளை எழுதித் தந்துவிட்டு, சாப்பாட்டைப் பற்றிக் கேட்கப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த மிஸ் என் வயதுதான் இருப்பா. அவ முதலில் சொன்னது இதுதான்.

"மரக்கறி நல்லது எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா உங்கட அப்பாவுக்கு எல்லா மரக்கறியும் நல்லதில்ல."

கீரை, கிழங்கு, வாழைப்பழம், இளநீர், எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் தேவைக்கு மேற்பட்டதை வெளியே அனுப்பிவிடும். அப்பாவுடையதால் அது முடியாது. ஆகவே அது இரத்தத்திலேயே தங்கும். அளவு கூடினால் இதயத்தின் துடிப்பைக் குழப்பும். இவ்வளவையும் அவ நிதானமாகச் சொன்னா. கடைசியாகச் சொன்னதை மட்டும் குரலைத் தாழ்த்தி, அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சொன்னா.

"நோவு ஒண்டும் இல்லாமலே இதயம் நிண்டிரும். கவனம்."

அந்த வசனத்தை நான் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா பக்கத்தில் இருந்து வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவருடைய சட்டையின் பொத்தான்களுக்கு நடுவே நெஞ்சு ஏறி இறங்குவதைத் தவிர வேறொன்றிலும் கண் போகவில்லை.

பொட்டாசியம் எனக்குப் புதிதல்ல. தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டால் ஊதா நிறச் சுவாலையோடு எரியும் என்று படித்தவள். இப்போது அதையே படிப்பிக்கிறவள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் ஆண்டைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அப்பா யுத்தப் பிரச்சினைக் காலத்தில் பள்ளிக்கூடத்தை விட்டவர், விரலை வைத்துக்கொண்டு பேப்பர் வாசிப்பார். இதை நான் ஒருநாளும் ஒளித்ததில்லை. கிளினிக் வாங்கில் காத்திருந்தவர்களில் அந்த மிஸ் சொன்னதை முழுதாக விளங்கிக்கொண்டு எழும்பியவள் நான் என்ற நிமிர்வு எனக்கு இருந்தது. பயத்தின் நடுவிலும் இருந்தது. விளங்கிவிட்டது, ஆகவே என்னால் அப்பாவைக் காப்பாற்ற முடியும் என்று நினைத்தேன்.

அடுத்த நாளே குசினி என் கைக்கு வந்தது. முருங்கை இலை இல்லை. பசளி இல்லை. மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, பலாக்கொட்டை, வாழைப்பூ, தக்காளி, ஒன்றும் இல்லை. புடோல், சுரைக்காய், கோவா, பயித்தங்காய், அதுவும் அளவோடு. தோலைச் சீவி, மெல்லிசாக வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெரிய பானையில் நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, அதையும் வடித்துக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியம் தண்ணீரில் கரையும். தண்ணீரோடு போகும். மிச்சத்தைத்தான் கறியாக்க வேண்டும்.

அம்மா முதல் நாள் கறியைக் கையில் எடுத்துப் பார்த்தா.

"இது கறியா, கழுவின சீலையா?"

"அப்பா சாவாம இரிக்க வேணுமா இல்லையா?"

"அந்தச் சொல்ல வாயில எடுக்காத. திண்டாத் தின்னட்டும். ஆனா இதுக்குப் பேர் கறியில்ல."

அப்பா சோற்றுக் கோப்பையில் போட்டதைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவார். இந்த வீடு அம்மாவுடையது. அம்மாவுக்கு அவவுடைய தாய் கொடுத்தது. நாளைக்கு எனக்கு வரும். அப்பா நான் பிறப்பதற்கு முன்பே வந்து, கூரை மாற்றி, கிணறு கட்டி, வேலி போட்டு, இங்கேயே கிழவராகிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் இந்த வீட்டுச் சோற்றில் உப்புக் குறைவு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வந்த வீட்டுச் சாப்பாட்டில் குறை பிடிக்கிற ஆம்பிளையை எங்கள் ஊரில் மதிக்கமாட்டார்கள். குறை இருந்தால் அது பிறந்த வீட்டில் போய்த்தான் ஆறும். இதெல்லாம் எனக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பது தெரிவது மாதிரித் தெரியும். அதை உட்கார்ந்து யோசித்ததில்லை.

அப்பா பிறந்த வீட்டில் இப்போது இருப்பவ அவருடைய அக்கா, என் மாமி. வயல் வட்டையில் இருந்து ஊருக்குள் வருகிற பாதையில், எங்கள் வீட்டுக்கு முன்னமே அவவின் வீடு வந்துவிடும். அப்பாவுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்ட அன்றே ஒரு வாழைத்தண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தா.

"சலக்கடுப்புக்கு இதவிட மருந்து இல்ல. சாறு பிழிஞ்சு குடு மச்சாள்" என்று அம்மாவிடம் நீட்டினா.

நான் இடையில் வாங்கிக் கீழே வைத்தேன். சிறுநீரகக் கல்லுக்கு அது சரி, இது வேறு என்று சொன்னேன். பொட்டாசியத்தைச் சொன்னேன். அவவைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய், அடுப்பில் இருந்த பானையைத் திறந்து காட்டி, எப்படி வெட்டுவது, எப்படி ஊறவைப்பது, எப்படி வடிப்பது என்று முழுதாகக் காட்டினேன். அவ கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டா.

"அப்ப அது முழுக்கத் தண்ணிக்குள்ள இறங்கிருமா?"

"ஓம் மாமி. முழுக்க இல்ல, கனக்க இறங்கிரும்."

"மருமகள் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும். பெரிய படிப்புப் படிச்ச புள்ள. எங்களுக்கு என்ன தெரியும், கறியத் திங்கத்தான் தெரியும்."

பாதி நையாண்டி, பாதி பெருமை. மாமி எப்போதும் அப்படித்தான். போகும்போது அம்மாவைப் பார்த்து, "தம்பி மெலிஞ்சு போனான் மச்சாள்" என்றா. அம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளினா.

அதற்குப் பிறகு முதல் முறை இரத்தம் சோதித்தபோது பொட்டாசியத்தின் அளவு இறங்கியிருந்தது. டொக்டர் என்னைப் பார்த்து, "யார் சமைக்கிற?" என்று கேட்டார். நான் சொன்னேன். "இப்படியே செய்ங்க" என்றார். அன்று வீட்டுக்கு வரும்போது நான் வழியில் காத்தான்குடியில் இறங்கி அப்பாவுக்கு உடுக்க ஒரு சறம் வாங்கினேன். சந்தோசத்தில் வாங்கினேன்.

அடுத்த முறை அளவு ஏறியிருந்தது. முதல் இருந்ததை விடவும் மேலே. டொக்டர் தாளை இரண்டு தரம் பார்த்தார்.

"வீட்டில வேற என்ன குடுக்கிறீங்க?"

"ஒண்டும் இல்ல டொக்டர். நான்தான் எல்லாம் பார்க்கிற."

"வேற எங்கயோ இரிந்து வருகுது. இப்பிடியே ஏறினா டயலிசிஸைப் பத்திக் கதைக்க வேண்டி வரும். அதுக்கு முதல் இதயம் என்ன செய்யும் எண்டு சொல்ல ஏலா. கால் பாரமாகினா, எழும்ப ஏலாம வந்தா, நேரத்தைக் கடத்தாம கொண்டு வாங்க."

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லாமல் போனது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே அப்பாவின் கால்களை நினைத்தேன். இடைவேளையில் அம்மாவுக்குப் போன் எடுத்து, அப்பா எங்கே, எழும்பி நடந்தாரா, எப்படி நடந்தார் என்று கேட்டேன். அம்மா எடுக்கும் வரைக்கும் திரும்பத் திரும்ப அடிப்பேன். அவ எடுத்து, "கோழிய அடைச்சிட்டு வாறதுக்குள்ள இத்தன தரம் அடிக்கிறியே" என்று ஏசினால் அந்த ஏச்சு தேனாக இருக்கும். அப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடினால் பக்கத்தில் போய் நிற்பேன். நெஞ்சு அசைகிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் அவர் கண்ணைத் திறக்காமலே, "உசிர் இரிக்கு மகள், போய்ப் படி" என்றார். நான் படித்து முடித்து வேலைக்குப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அவருக்கு நான் எப்போதும் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைதான்.

அம்மாவைச் சந்தேகப்பட்டேன்.

"தண்ணிய ஊத்தினீங்களா?"

"ஊத்தினன்."

"எங்க ஊத்தின?"

"உன்ர தலையில."

கறியை நானே நாக்கில் வைத்துப் பார்த்தேன். ருசி என்று ஒன்றும் இல்லை, ஆகவே சரியாகத்தான் வடித்திருக்கிறா. கடைத்தெருவில் தேத்தண்ணிக் கடைக்காரரிடம், அப்பா வாழைப்பழம் வாங்கித் தின்கிறாரா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உப்பு டப்பாவை எடுத்து மணந்தேன். கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். மருந்து மாத்திரைகளைக் கொட்டி எண்ணிப் பார்த்தேன்.

இதற்கு நடுவில் அப்பா வீட்டில் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். காலையில் வட்டைக்குப் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வருவார். சோற்றைப் போட்டால், "பசியில்ல, மத்தியானம் பார்ப்பம்" என்பார். பசி இல்லாமல் போவதும் சிறுநீரக வருத்தத்தின் அடையாளம் என்று நான் வாசித்திருந்தேன். மூடி வைத்த அந்தக் கோப்பையைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும், வருத்தம் இன்னும் ஒரு படி ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை. மாரி தொடங்கி, வட்டையெல்லாம் தண்ணீர் நின்ற காலம். அம்மா என்னிடம், "மச்சாள் வாங்கிக்கொண்டு போன சுளகு அங்க கிடக்கு, எடுத்துக்கொண்டு வா" என்றா. நான் சைக்கிளில் போனேன். மாமியின் வாசலில் மாமரத்தோடு அப்பாவின் சைக்கிள் சாத்தியிருந்தது. சில்லில் வட்டைச் சேறு ஈரம் காயாமல் இருந்தது.

பின்பக்கமாகக் குசினிக்குப் போனேன். அப்பா பலகைக்கட்டையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமி எதிரே குந்தியிருந்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தா. நான் கதவில் நின்றதைக் கண்டதும் அப்பாவின் கை கோப்பையிலேயே நின்றது. களவு எடுத்தவர் மாதிரி அவர் என்னைப் பார்த்ததை என்னால் மறக்க முடியாது.

மாமிக்கு ஒரு பதற்றமும் இல்லை.

"வா புள்ள. சோறு திங்கிறியா?"

"அப்பா இஞ்ச சாப்பிர்றாரா?"

"ஏன், திங்கக் கூடாதா? இது அவன் பிறந்த வீடு. உங்கட வீட்டில கழுவி ஊத்தினதத் திண்டுபோட்டு வாயத் திறக்காம இரிக்கான். வட்டையால வாறவன் வெறும் வயித்தோட வாறான். நான் பாத்துக்கொண்டு இரிக்கவா?"

"மாமி, அவருக்கு என்ன குடுக்கக் கூடாதெண்டு நான் சொன்னன்தானே?"

"சொன்னாய். சொன்ன மாதிரித்தான் செய்றன். பாரு."

கோப்பையைப் பார்த்தேன். புடோல். மெல்லிசாக வெட்டி, அவித்து, வடித்து, வெளிறிப்போய் இருந்தது. ஒரு துண்டு மீன். கொஞ்சம் சோறு. நான் காட்டிக்கொடுத்ததை ஒரு எழுத்தும் பிசகாமல் செய்திருந்தா. எனக்கு மூச்சுத் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். சிரிப்புக்கூட வந்தது.

அப்பா மற்றக் கையில் ஒரு பெரிய எனாமல் குவளையை வைத்திருந்தார். அதை வாயில் வைத்து மடக்கு மடக்காகக் குடித்தார். மஞ்சளும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் கறிவேப்பிலையும் மணந்தது.

"அது என்ன மாமி?"

"சொதி."

"என்னத்தில வச்ச?"

"அவிச்ச தண்ணியிலதான். வேற என்னத்தில?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்க வேண்டாம் என்று மனம் பிடித்துக்கொண்டு நின்றது போல. மாமி அடுப்படியில் இருந்த பானையை இழுத்துக் காட்டினா. அன்று காலையில் அந்த வீட்டில் அவித்த எல்லாவற்றின் தண்ணீரும் அதில்தான் சேர்ந்திருந்தது. அப்பாவுக்கு வடித்த புடோல் தண்ணீர். வீட்டில் மற்றவர்களுக்கு அவித்த முருங்கை இலைத் தண்ணீர். பூசணித் தண்ணீர். இலையையும் பூசணியையும் அவருக்கு அவ கொடுக்கவில்லை, நான் சொன்னேன் என்பதற்காக. தண்ணீரை மட்டும் கொடுத்தா. பாலைச் சேர்த்து, தாளித்து, மணக்க மணக்க.

"பேரப்புள்ளையளுக்கும் குடுக்கிறல்ல. முழுக்க இவனுக்குத்தான். வடிச்ச மரக்கறியில என்ன இரிக்கு, சக்கைதானே. சத்து முழுக்கத் தண்ணியில."

"எவ்வளவு நாளா மாமி?"

"நீ படிப்பிச்ச மறுகாதான். கொஞ்ச நாள் நானும் ஊத்தித்தான் பாத்தன். ஊத்த ஊத்த நெஞ்சுக்குள்ள என்னவோ செஞ்சிச்சு."

நான் தலையைக் கையில் பிடித்துக்கொண்டேன். மாமி என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினா.

"நான் மூத்தவன வயித்தில வச்சிரிக்கக்குள்ள மிட்வைஃப் மிஸ் குடையும் பிடிச்சுக்கொண்டு இந்த வாசலுக்கு வந்தா. கீரை அவிச்ச தண்ணிய ஊத்தாதீங்க, சத்தெல்லாம் அதுலதான் எண்டா. ஒவ்வொரு புள்ளைக்கும் வந்து அதையே சொன்னா. நான் அண்டையில இரிந்து நீ சொல்லுமட்டும் ஒரு சொட்டு ஊத்தினதில்ல. அவவும் படிச்சவ. நீயும் படிச்சவ. சத்து தண்ணிக்குள்ள இரிக்கு எண்டு அவ சொன்னா. பொட்டாசியம் தண்ணிக்குள்ள இறங்கும் எண்டு நீ சொன்னாய். ரெண்டு பேரும் ஒண்டைத்தானே சொன்னீங்க."

போன தவணைதான் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் போசணைப் பாடத்தில் நானே எழுதிப்போட்டிருந்தேன்: மரக்கறி அவித்த நீரைக் கொட்டிவிடக்கூடாது. கனியுப்புகள் அதில் கரைந்திருக்கும். பிள்ளைகள் அதை வரி பிசகாமல் எழுதிக்கொண்டார்கள். அதுவும் சரிதான். நல்ல சிறுநீரகம் உள்ள எல்லாருக்கும் சரி.

"விடுங்க ரெண்டு பேரும்" என்றார் அப்பா. குவளையைக் கீழே வைத்தார். "நல்லா இரிந்திச்சு. வாய்க்கு ருசியா ஒண்டு." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு எழும்பப் பார்த்தார். ஒரு கையை நிலத்தில் ஊன்றினார். இடுப்பு கொஞ்சம் உயர்ந்து, திரும்பவும் பலகைக்கட்டையில் இறங்கியது. சிரித்தார்.

"கால் விறைச்சுப் போச்சு போல."

இன்னொரு தரம் முயன்றார். கால் அவருடைய சொல்லைக் கேட்கவில்லை. மாமி, "குந்தி இரிந்தாலே இப்பிடித்தான், எனக்கும் விறைக்கும்" என்று அவருடைய முழங்காலைத் தேய்த்தா. நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். துடிப்பு வந்தது. பிறகு நான் நினைத்ததை விட நேரம் எடுத்து அடுத்தது வந்தது. அடுத்ததற்கு இன்னும் நேரம் எடுத்தது. அந்த இடைவெளியில் என் காதுக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. அடுப்பில் விறகு எரிகிற சத்தம்கூட இல்லை.

பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். நானும் ஆட்டோக்காரரும் அப்பாவைத் தூக்கி ஏற்றினோம். மாமி யாரையும் கேட்காமல் மறுபக்கத்தால் ஏறி அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டா. கையில் விசிறி அப்படியே இருந்தது. அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "போங்க, நான் பின்னால வாறன்" என்றா.

பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் வாவி நிறைந்து கிடந்தது. தோணிகள் வலையை இழுத்துக்கொண்டிருந்தன.

"எறால் பட்டுக் கிடக்கு போல" என்றார் அப்பா. நாக்குக் கொஞ்சம் தடித்து வந்தது.

"கதைக்காதீங்க அப்பா."

"கதைக்கட்டும் விடு" என்றா மாமி. "கதைச்சா இரிக்கான் எண்டு தெரியும்."

அதைக் கேட்டபோதுதான் மாமிக்கும் பயம் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. அவ விசிறியை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தா, காற்று ஆட்டோவுக்குள் அடித்துக்கொண்டு வந்தபோதும்.

நான் மணிக்கட்டில் இருந்து விரலை எடுக்கவில்லை. ஆரையம்பதியைக் கடந்தது எனக்குத் தெரியாது. காத்தான்குடியில் தெரு நெருக்கம். ஆட்டோ ஊர்ந்தது. தெரு நடுவே நிற்கிற பேரீச்ச மரங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பேரீச்சம்பழத்தில் எவ்வளவு பொட்டாசியம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது ஏன் நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை. உலகத்தில் முளைக்கிறதெல்லாம் அப்பாவுக்கு எதிராக முளைப்பது போல இருந்தது. முன்னால் நின்ற லொறிக்கு ஹோர்ன் அடித்து அடித்து ஆட்டோக்காரரின் கை நொந்திருக்கும். நான் ஒவ்வொரு துடிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தயவுசெய்து இன்னொன்று. இன்னும் ஒன்று.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈசீஜி எடுத்தார்கள். தாளில் கோடு கூடாரம் கூடாரமாகக் கூர்ந்து எழும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் இளம் டொக்டர் ஒருவரின் நடை மாறியது. "ஏற்கெனவே பொட்டாசியம் கூட எண்டு சொன்னவங்களா?" என்று கேட்டார். "ஓம். இண்டைக்கு இன்னும் கூடியிரிக்கும். மரக்கறி அவிச்ச தண்ணி குடிச்சவர். கொஞ்ச நாளா, ஒவ்வொரு நாளும்" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு நேர்ஸைக் கூப்பிட்டார். ஒரு ஊசியை நரம்பு வழியாக மிக மெல்ல ஏற்றினார்கள். திரை இழுபட்டது. எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

வெளி வாங்கில் மாமி என் பக்கத்தில் இருந்தா. பிறகு கேட்டா.

"நான் குடுத்ததாலயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இல்லை என்றால் அவ நாளைக்கும் கொடுப்பா.

"ஓம் மாமி."

"நஞ்சா குடுத்திரிக்கன்?"

"நஞ்சில்ல மாமி. எனக்கும் உங்களுக்கும் அது நல்லதுதான். அப்பாவுக்கு மட்டும் அது வெளியால போகாது. உள்ளுக்கே நிண்டு நெஞ்சப் பிடிக்கும்."

மாமி விசிறியை மடியில் வைத்தா. அவ அழவில்லை. "ருசியா இரிக்கு எண்டவன்" என்று மட்டும் சொன்னா. அதைத் திரும்பவும் சொன்னா. அம்மா வந்து சேர்ந்தபோது மாமி எழும்பி இடம் கொடுத்தா. அம்மா அவவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. நான் சொல்லாமலே ஏதோ விளங்கியிருக்க வேண்டும். இருவருக்கும் நடுவில்தான் இருந்தா.

திரை விலகியபோது டொக்டர், "நேரத்துக்குக் கொண்டு வந்திட்டீங்க" என்றார். அடுத்த முறை எப்படி இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு அம்மா ஒரே ஒரு கட்டளை போட்டா. இனி அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது. அப்பா சரி என்றார். போகவில்லை. வட்டையால் நேரே வீட்டுக்கு வந்தார். கோப்பைக்கு முன்னால் இருந்தார். இரண்டு வாய் எடுத்துவிட்டுக் கையைக் கழுவினார். சறம் இடுப்பில் நிற்கவில்லை. நான் சந்தோசத்தில் வாங்கிக் கொடுத்த அதே சறம். முன்பு அவர் சாப்பிட்டதற்காகப் பயந்தேன். இப்போது சாப்பிடாததற்காகப் பயந்தேன். இரண்டு பயத்துக்கும் நடுவில் மனிதர் மெலிந்துகொண்டே போனார்.

நான்தான் மாமியிடம் போனேன். காலைச் சாப்பாட்டை இங்கேயே கொடுங்கள், அவிச்ச தண்ணீரை மட்டும் ஊற்றிவிடுங்கள், சொதியே வேண்டாம், மீனைப் புளியில் ருசியாக வையுங்கள் என்று சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குச் சேலை உடுத்துக்கொண்டு மாமி வீட்டால் போனேன். மரக்கறி வடித்துத் தட்டில் இருந்தது. பக்கத்தில் தண்ணீர்ப் பானை, மூடியால் மூடி, ஊற்றாமல்.

"மாமி, இது?"

"ஊத்த ஏலாம இரிக்கு புள்ள. தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போறன். கை சரியுதில்ல. திரும்பக் கொண்டு வந்து வைக்கன்." அவ என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னா. "நான் வச்சிரிந்தா ஒருநாளைக்கு என்னையறியாம அதக் குடுத்திருவன். அவன் கேட்டாக் குடுத்திருவன். நீ வந்து ஊத்து."

இப்போது ஒவ்வொரு காலையும் அந்த வீட்டுக்குப் போகிறேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழந்துணியால் பானையைப் பிடித்து, பின்வளவுக்குக் கொண்டுபோய், வாழை மூட்டில் ஊற்றுகிறேன். நான் ஊற்றுகிற நேரம் மாமி வெளியே வருவதில்லை. வாழை கறுத்துத் தழைத்து, ஒரு பெரிய குலையும் தள்ளியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதும் எனக்குப் பயம்தான். பானையைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டு விழும்வரை நிற்பேன்.

"ஊத்தியாச்சா?" என்று உள்ளே இருந்து கேட்பா.

"ஓம் மாமி."

"முழுக்கவா?"

"முழுக்க."

போன கிளினிக்கில் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. டொக்டர் தலையை ஆட்டினார். நான் இந்த முறை ஒன்றும் வாங்கவில்லை.

பானையை வைத்துவிட்டு வாசலில் நிற்பேன். பள்ளிக்கூட மணிக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். வட்டைப் பாதையில் இருந்து சைக்கிளின் செயின்கவர் அடிபடுகிற சத்தம் வரும். வளைவில் அப்பாவின் தலை தெரியும். அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, காலை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் படியில் வைத்து ஏறுவதைப் பார்ப்பேன். அவருக்குத் தெரியும் நான் காலைத்தான் பார்க்கிறேன் என்று. "நடக்குது, போ" என்பார். அதற்குப் பிறகுதான் நான் போவேன்.